‘கஷ்டமான கஸ்டமர்’ எங்கிருந்து வந்தார்?

ஒன்லைனில் சாமான் விற்கிற யாரோடாவது பத்து நிமிசம் கதைத்துப் பாருங்கள். விற்கிற சாமானைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வார்கள். மிச்சக் கதை முழுக்க வாங்க வந்த சனத்தைப் பற்றித்தான் இருக்கும். விலை எழுதியிருக்கிற படத்துக்குக் கீழேயே ‘பிரைஸ் பிளீஸ்’ என்று கேட்டவர். மூன்று நாள் பேரம் பேசிவிட்டுக் கடைசியில் ‘சும்மா கேட்டனான்’ என்றவர். ஓடர் போட்டுவிட்டு, பார்சல் வாசலுக்கு வருகிற நேரம் பார்த்து ஃபோனை நிறுத்தி வைத்தவர். படத்தில் ஒரு நிறம், கையில் வேறு நிறம் என்று ஸ்க்ரீன்ஷொட் எடுத்து பேஸ்புக் குழுவில் போட்டவர். இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து வைத்திருக்கிற பெயர் ஒன்றுதான்: கஷ்டமான கஸ்டமர்.

இவர்களை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தருகிற வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக்கிடக்கின்றன. பொறுமையாக இருங்கள், மரியாதையாகப் பதில் எழுதுங்கள், வாடிக்கையாளர் சொல்வதே சரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் நல்ல புத்திமதிதான். ஆனால் வரலாறு படிக்கிற ஆளுக்கு இந்தக் கடைசி வசனம் தொண்டையில் மாட்டிக்கொள்கிறது. வாடிக்கையாளர் சொல்வதே சரி என்று முதலில் சொன்னது யார்? யாருடைய லாபத்துக்காகச் சொன்னார்கள்? நாலு தோடும் ஆறு வளையலும் செய்து இன்ஸ்டகிராமில் விற்கிற ஒரு பிள்ளையின் தலையில் அது எப்படி வந்து விழுந்தது?

தூரத்தில் இருக்கிற ஒருவரிடம், சாமானைக் கண்ணால் பார்க்காமல், காசை முன்னுக்குக் கொடுத்து வாங்குவது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு களிமண் பலகை இருக்கிறது. கி.மு. 1750 அளவில், இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த ஊர் என்ற நகரத்தில் (நகரத்தின் பெயரே ‘ஊர்’தான்) வாழ்ந்த ஏஆ-நாசிர் என்ற செப்பு வியாபாரிக்கு நன்னி என்பவர் அனுப்பிய கடிதம் அது. ஏஆ-நாசிர் வளைகுடாக் கடல் வழியாக தில்முனிலிருந்து, அதாவது இன்றைய பஹ்ரைன் பக்கமிருந்து, செப்புக் கட்டிகள் கொண்டுவருகிறவர். நல்ல கட்டி தருவேன் என்று வாக்குக் கொடுத்தார். நன்னியின் ஆள் போனபோது மட்டமான கட்டியைக் காட்டி, விருப்பமென்றால் எடு, இல்லாட்டிப் போ என்று சொல்லிவிட்டார். எதிரிகளின் நிலத்தைக் கடந்து போன அந்த ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறார், அதுவும் ஒரு தரம் இல்லை. கடிதத்தை வாசித்தால் செப்பு கெட்டதைவிடத் தன் ஆளை அவமரியாதையாக நடத்தியதுதான் நன்னிக்குக் கூடச் சுட்டிருக்கிறது என்று விளங்கும். இனிமேல் என் முற்றத்தில் வைத்து நானே ஒவ்வொரு கட்டியாகப் பார்த்துத் தெரிவேன், பிடிக்காததைத் தள்ளிவிடுவேன் என்று எச்சரித்து முடிக்கிறார்.

இந்தப் பலகையை வைத்து இணையத்தில் ஆயிரம் மீம்ஸ் வந்துவிட்டன. உலகின் முதல் கஸ்டமர் கம்ப்ளெயின்ட், மோசமான வியாபாரி ஏஆ-நாசிர் என்று. அவருடையது என்று கருதப்படுகிற வீட்டில் வேறு ஆக்கள் எழுதிய குறைக் கடிதங்களும் கிடைத்திருப்பதால் அந்தப் பெயர் அநியாயம் என்றும் சொல்ல ஏலாது. ஆனால் மீம்ஸ் போடுகிறவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு வரி கடிதத்துக்குள் இருக்கிறது. நன்னி, ஏஆ-நாசிருக்கு ஒரு மினா வெள்ளி, அரைக் கிலோ அளவில், பாக்கி வைத்திருக்கிறார். அந்தச் சின்னக் கடனுக்காகவா இப்படிப் பேசுகிறாய் என்று அவரே கேட்கிறார். ஏஆ-நாசிரின் பதில் எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் அதில் நன்னிதான் கஷ்டமான கஸ்டமராக இருந்திருப்பார்: காசு பாக்கி, கதை மட்டும் பெரிசு.

நன்னியால் கடிதம்தான் எழுத முடிந்தது. அடுத்த மூவாயிரத்துச் சொச்ச வருசத்தில் வாங்குகிறவரின் நிலை பெரிதாக முன்னேறியதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் 1603இல் தீர்க்கப்பட்ட ஒரு பேர்பெற்ற வழக்கு இருக்கிறது. ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லை ‘பெசோவார்’ என்று சொல்லி 100 பவுணுக்கு விற்றார். பெசோவார் என்பது ஆடு மாதிரியான விலங்குகளின் வயிற்றில் உருவாகிற கல். எங்கள் நாட்டு மருந்துக் கடைகளில் கோரோசனை என்று சொல்வார்களே, அதற்குக் கிட்டத்தட்ட ஒரு சாமான். நஞ்சை முறிக்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். வாங்கியவர் அது பெசோவாரே இல்லை என்று வழக்குப் போட்டார். தோற்றுப்போனார். ‘இது பெசோவார்’ என்று வெறுமனே சொன்னது உத்தரவாதம் ஆகாது, உத்தரவாதம் தருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வாங்குகிறவன் தான் கவனமாக இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய சட்டத்தின் மனநிலை.

இது மெல்ல மெல்ல மாறி, 1893இல் பிரித்தானியா பொருள் விற்பனைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மூன்று வருசத்தில் அதே அச்சில் இலங்கைக்கும் ஒன்று வந்தது: 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வர்ணனையை நம்பி வாங்கும்போது சாமான் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்பது, யாரும் தனியாக வாக்குக் கொடுக்காவிட்டாலும், விற்பனைக்குள் அடங்கிய நிபந்தனை என்கிறது அது. படத்தையும் நாலு வரியையும் பார்த்து ஓடர் போடுகிற எங்கள் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் இல்லை. ‘படத்தில் இருந்த மாதிரி இல்லை’ என்று சொல்லுகிறவரைக் கஷ்டமான கஸ்டமர் என்று சொல்லும் முன் இதை ஒருக்கா நினைத்துப் பார்க்கலாம். எனக்கு மனம் மாறிவிட்டது, இப்ப வேண்டாம் என்று சொல்லுகிறவருக்கு இந்த நிபந்தனை கைகொடுக்காது. இரண்டும் வேறு வேறு ஆக்கள். எங்கள் பேச்சில் இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள்தான் கிடக்கிறார்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, வியாபாரிகளே தாங்களாக வாங்குபவரின் பயத்தைத் தூக்கித் தங்கள் தோளில் போட்டுக்கொண்டது அமெரிக்காவில் நடந்தது. ஏரன் மொன்ட்கொமரி வார்ட் என்பவர் 1872இல் சிக்காகோவில் ஒரேயொரு தாளில் 163 சாமான்களின் விலைப்பட்டியலை அச்சடித்துக் கிராமத்து விவசாயிகளுக்குத் தபாலில் அனுப்பினார். அவர் ஊர் ஊராகப் போய் விற்பனை செய்த ஆள். கிராமக் கடைகள் கடனுக்குக் கொடுத்துவிட்டு விலையை ஏற்றுவதையும் அதனால் விவசாயிகள் புழுங்குவதையும் நேரில் கண்டவர். நடுவில் இருக்கிற கடைக்காரரை வெட்டிவிட்டால் மலிவாகக் கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. சனம் நம்பவில்லை. இந்த விலைக்கு இந்தச் சாமான் எப்படி? சிக்காகோ ட்ரிபியூன் பத்திரிகை 1873இல் இது ஏமாற்று வேலை, விவசாயிகளே கவனம் என்று எழுதியது. பிறகு விசாரித்துப் பார்த்துவிட்டு எழுதியதை வாபஸ் வாங்கிக்கொண்டது. அந்தச் சந்தேகத்துக்கு வார்ட் கொடுத்த மருந்துதான் 1875இல் வந்த வாக்குறுதி: திருப்தி இல்லையென்றால் காசு திரும்ப.

இதற்குப் பின் எப்படியான சனம் எல்லாம் வந்திருக்கும் என்று யோசியுங்கள். பாவித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்கள், அளவைப் பிழையாக எழுதிவிட்டுச் சண்டை பிடிக்கிறவர்கள். மனைவி ஒன்று பார்த்து அனுப்பச் சொல்லி வார்ட் கொம்பனிக்குக் கடிதம் எழுதிய ஆண்களும் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் வார்ட் நட்டப்படவில்லை. பத்தாயிரம் பார்சல் அனுப்புகிறவருக்கு நூறு பார்சல் திரும்பி வந்தால் அது செலவுக் கணக்கில் ஒரு வரி. அந்தச் செலவை மற்ற ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் பார்சல்களின் விலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிவிடலாம். பெருந்தன்மை மாதிரித் தெரிவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

இதே தபால் வியாபாரத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலம். கறுப்பினத்தவர் கடைக்குப் போனால் வெள்ளையர் எல்லாரும் வாங்கி முடியும்வரை நிற்க வேண்டும். நல்ல சாமான் அவருக்கு வராது. விலை கேட்டாலே, கேள்வி கேட்டாலே அவர் ‘திமிர் பிடித்த’ வாடிக்கையாளர். வார்டுக்குப் பிறகு வந்த சீயர்ஸ் கொம்பனியின் கட்டலொக்கில் எல்லாருக்கும் ஒரே விலை. ஓடர் எழுதுகிறவரின் தோல் நிறம் யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதி அனுப்புங்கள், நாங்கள் விளங்கிக்கொள்வோம் என்றது கட்டலொக். பல கிராமங்களில் கடைக்காரரே தபால் அதிபராகவும் இருந்தார். கறுப்பினத்தவருக்கு முத்திரை விற்க மறுத்தவர்களும் இருந்தார்கள். கடிதத்தை நேரே தபால்காரர் கையில் கொடுங்கள் என்று கட்டலொக்கில் வழி சொல்லப்பட்டது. ஆத்திரப்பட்ட கடைக்காரர்கள் கட்டலொக்குகளைக் குவித்து எரித்தார்கள். சீயர்ஸ் ஒரு கறுப்பர் என்று வதந்தியும் பரப்பினார்கள். கடை வாசலில் கஷ்டமான ஆளாக இருந்தவர், தபாலில் சாதாரண வாடிக்கையாளர் ஆகிவிட்டார். ஆள் மாறவில்லை. அவரை எடைபோடுகிற முகம்தான் நடுவில் இல்லாமல் போனது.

‘வாடிக்கையாளர் சொல்வதே சரி’ என்ற வசனமும் இதே சிக்காகோவோடு தொடர்புள்ளதுதான். அங்கே மார்ஷல் ஃபீல்ட் என்பவரின் மாபெரும் கடை. அதில் வேலை பழகிய ஹரி கோர்டன் செல்ஃப்ரிட்ஜ் 1909இல் லண்டன் ஒக்ஸ்ஃபோர்ட் வீதியில் தன் சொந்தக் கடையைத் திறந்தார். இரண்டு பேரின் பெயரிலும் அந்த வசனத்தைச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் பிழை விடுவதே இல்லை என்று ஹோட்டல் முதலாளி சீசர் ரிட்ஸும் சொன்னதாக இருக்கிறது. யார் முதல் என்பது பெரிய விசயம் இல்லை. மூன்று பேரும் சம்பள ஆட்களை வைத்திருந்த முதலாளிகள் என்பதுதான் விசயம். வாடிக்கையாளரின் பேச்சை வாங்கிக் கட்டிக்கொள்வது முதலாளி இல்லை. கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்பிள்ளை. முதலாளி தன் வேலையாட்களுக்குப் போட்ட ஒரு கட்டளை, காலப்போக்கில் பொதுவான தர்மம் மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். பழைய தமிழ்ச் சஞ்சிகைகளைப் புரட்டினால் மருந்து, மணிக்கூடு, புத்தக விளம்பரங்களின் அடியில் ‘வி.பி.பி. மூலம் அனுப்பப்படும்’ என்ற வரி இருக்கும். இந்திய அஞ்சல்துறை 1877இல் தொடங்கிய முறை அது. சாமானைத் தபால்காரர் கொண்டுவருவார், காசை அவரிடம் கொடுத்தால் பொதி கைக்கு வரும், காசு மணியோடராக விற்றவருக்குப் போகும். இலங்கைத் தபால் திணைக்களத்திலும் இந்தச் சேவை இருக்கிறது. இன்றைய ‘கேஷ் ஒன் டெலிவரி’யின் பாட்டன் இதுதான். காசை முன்னுக்கு அனுப்பிவிட்டு ஏமாறுவோமோ என்ற பயம் வாங்குபவருக்கு இல்லை. ஆனால் பயம் காற்றில் கரைந்துவிடவில்லை. ஓடர் போட்டவர் ‘எனக்கு வேண்டாம்’ என்று தபால்காரரிடம் சொன்னால் பொதி விற்றவருக்கே திரும்பும், தபால் செலவு அவர் தலையில். காசு கட்டிய பின்தான் பொதியைத் திறக்கலாம் என்றபடியால் வாங்குபவருக்கும் பயம் முழுசாய் போகவில்லை. உள்ளே மணிக்கூடு இருக்கிறதா கல்லு இருக்கிறதா என்பது பிரித்தால்தான் தெரியும்.

இனி இணையம். பியர் ஒமிடியார் என்ற மென்பொருள் எழுத்தாளர் 1995இல் ஒரு ஏல இணையத்தளம் தொடங்கினார். பின்னாளில் அதன் பெயர் ஈபே. முதலில் விற்ற சாமான் பழுதான ஒரு லேசர் பொயின்டர், 14.83 டொலருக்கு. பழுதானது என்று தெரியுமா என்று அவரே வாங்கியவரைக் கேட்டாராம், பழுதான பொயின்டர்களைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்ததாம். ஈபே திரும்பத் திரும்பச் சொல்லுகிற கதை இது. கொஞ்ச நாளில் ஒமிடியாருக்கு வேறு மாதிரியான மின்னஞ்சல்கள் குவியத் தொடங்கின. அவன் ஏமாற்றிவிட்டான், இவள் காசு அனுப்பவில்லை. இருந்து பஞ்சாயத்துப் பண்ண அவருக்கு நேரம் இல்லை. அதனால் 1996 பெப்ரவரியில் ஒரு பலகையைத் திறந்துவிட்டார்: வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லாரும் பார்க்க எழுதலாம். நல்லதுக்கு ஒரு புள்ளி கூடும், கெட்டதுக்கு ஒன்று குறையும். கூட்டிக் கழித்து கழித்தல் நாலுக்குப் போனால் கணக்கு மூடப்படும். பெரும்பாலான மனிசர் நேர்மையானவர்கள் என்று நம்புகிறேன் என்று அறிவிப்பில் எழுதினார்.

நன்னியின் களிமண் பலகையைப் போல இல்லாமல் இங்கே இரண்டு பக்கத்துக்கும் வாய் இருந்தது. அங்கேதான் சிக்கலும் வந்தது. இந்தத் தளத்தின் தரவுகளை ஆராய்ந்த போல் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரண்டு அறிஞர்கள், வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் 99 வீதத்துக்கு மேல் நல்லதாகவே இருந்ததைக் கண்டார்கள். மனிசர் அவ்வளவு நல்லவர்களா? கொஞ்சம் அது, மிச்சம் பயம். நான் உனக்குக் கெட்டது எழுதினால் நீ எனக்குத் திருப்பி எழுதுவாய். ஆகவே இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ‘நன்றி, சிறந்த வியாபாரம்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஊர்க் கலியாணத்தில் சாப்பாடு சரியில்லை என்று யாராவது வீட்டுக்காரரிடம் சொல்வார்களா? அந்த மாதிரி.

2008இல் ஈபே ஒரு முடிவெடுத்தது. விற்கிறவர் இனி வாங்குகிறவருக்குக் கெட்ட புள்ளி போட முடியாது. நல்லது மட்டும் எழுதலாம், அல்லது பேசாமல் இருக்கலாம். கட்டண மாற்றங்களும் சேர்ந்துவர, அந்த பெப்ரவரியில் விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் சாமான் போடாமல் பகிஷ்கரித்தார்கள். காசு கட்டாமல் இழுத்தடிக்கிறவனைப் பற்றி இனி நான் எங்கே போய்ச் சொல்வது என்பதுதான் கேள்வி. கொம்பனியின் பதில் அதன் வழியில் நியாயமானதே. வாங்குபவர்கள் பயந்து வேறு தளங்களுக்குப் போகிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் உங்களுக்கும் வியாபாரம் இல்லை. முடிவு மாறவில்லை. செல்ஃப்ரிட்ஜ் தன் சம்பள ஆட்களுக்குச் சொன்னதை, சம்பளமே வாங்காத இலட்சக்கணக்கான சின்ன வியாபாரிகளுக்கு ஒரு கொம்பனி சொன்ன தருணம் அது என்றுதான் நான் பார்க்கிறேன். செல்ஃப்ரிட்ஜின் கடையில் திரும்பி வந்த சாமானின் நட்டம் செல்ஃப்ரிட்ஜுக்குப் போனது. இங்கே நட்டம் சின்ன வியாபாரிக்கு, கட்டணம் கொம்பனிக்கு.

எங்களில் அநேகர் விற்கிற இடத்தில் அந்தளவு ஒழுங்கும் இல்லை. பேஸ்புக் பக்கம், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப், பிறகு ஒரு கூரியர். புள்ளிப் பலகை இல்லை, பஞ்சாயத்துக்கு ஆள் இல்லை. வாங்குகிறவருக்கு 1872இல் அந்த விவசாயிக்கு இருந்த அதே சந்தேகம், நியாயமான சந்தேகம். படத்தைக் காட்டிக் காசை வாங்கிக்கொண்டு பிளொக் பண்ணிவிட்டுப் போகிற பக்கங்கள் நிறைய இருக்கின்றன. ஆகவே எல்லாரும் கேஷ் ஒன் டெலிவரி கேட்கிறார்கள். பத்துப் பார்சலில் மூன்று திரும்பி வந்தால், போன செலவும் பெரும்பாலும் வந்த செலவும் விற்ற பிள்ளைக்கு. வார்டுக்கு இருந்த மற்ற ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் பார்சல் அவளிடம் இல்லை. மிச்சம் ஏழுதான்.

இதற்குள் இன்னொன்றும் ஒளிந்து கிடக்கிறது. என்னோடு படிக்கிற, ஒன்லைனில் விற்கிற பிள்ளைகள் ‘கஷ்டமான கஸ்டமர்’ என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு காட்டுகிற மெசேஜுகளில் பாதி வியாபாரத்தோடு தொடர்பே இல்லாதவை. இரவு பதினொன்றுக்கு ‘சாப்பிட்டாச்சா?’, ‘நீங்களே போட்டுக் காட்டுங்கோவன்’, பதில் போடாவிட்டால் ‘இதுதானா உங்கட சேர்விஸ்?’ வாங்குகிற எண்ணமே இல்லாமல் கஸ்டமர் என்ற முகமூடியோடு வருகிறவர்கள் இவர்கள். வாடிக்கையாளர் சொல்வதே சரி என்ற பாடத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, எங்கே ஒரு கெட்ட ரிவியூ வந்துவிடுமோ என்று இதற்கும் ஒரு சிரிப்பு இமோஜி போட்டு அனுப்புகிறாள். நிறம் மாறிவிட்டது என்று கோபப்படுகிற அம்மாவையும் இந்த ஆளையும் ஒரே சொல்லால் கூப்பிடுவதை நாங்கள் முதலில் நிறுத்த வேணும். அந்த அம்மாவுக்கு விளக்கமும், பிழை எங்களுடையது என்றால் காசும் கொடுக்க வேணும். இந்த ஆளுக்குப் பதிலே தேவையில்லை. பிளொக் பட்டன் இருக்கிறது.

விற்கிற பிள்ளைகள் தாங்களாகவே சில ஏற்பாடுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே அளவு, துணி, வெளிச்சத்தில் நிறம் கொஞ்சம் மாறலாம் என்பது எல்லாம் எழுதுகிறார்கள். 1896ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கோ, இல்லாட்டி முறைப்பாடு ஏற்கமாட்டோம் என்கிறார்கள். நன்னியும் தன் கொடுக்கல் வாங்கலை முத்திரையிட்ட பலகையில் எழுதிச் சமாஸ் கோயிலில் வைத்திருப்பதாகக் கடிதத்தில் சொல்கிறார், சாட்சிக்கு. இப்போது அதிகம் பரவுகிற ஏற்பாடு, சாமானின் காசு கையில் கிடைத்த பிறகு, டெலிவரிச் செலவை மட்டும் முன்னுக்குப் போடுங்கோ என்பது. நட்டத்தைப் பாதியாகப் பிரிக்கிற வேலை. இதைக் கேட்டதும் பாதிப்பேர் ஓடிவிடுகிறார்கள், அவர்களில் முக்கால்வாசி எப்படியும் பார்சலைத் திருப்பி அனுப்பியிருக்கக்கூடியவர்கள் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். மிச்சப்பேரிடமிருந்து வருவது ஒரே பதில்தானாம்: ‘தங்கச்சி, நீங்க ஸ்கேம் இல்லையெண்டு நான் என்னெண்டு நம்புறது?’